வேறு கல்லூரியில் சேர்ந்த பிறகு நர்சிங் ஆசை: எந்த வழியில் போவது?

பாட்டிக்குத் துணையாக எங்கள் வார்டில் பத்து நாள் தங்கியிருந்த ஒரு பெண், டிஸ்சார்ஜ் ஆகும் அன்று என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். பி.எஸ்சி. விலங்கியல், முதலாண்டு.

"சிஸ்டர், எனக்கு நர்சிங் படிக்கணும்னுதான் ஆசை. ப்ளஸ் டூவுல மார்க் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு, கிடைச்ச காலேஜ்ல சேர்ந்துட்டேன். இப்ப விட்டுட்டு வரலாமா? இல்ல, டிகிரிய முடிச்சுட்டு வரட்டுமா? டிப்ளமோன்னா வீட்ல வேணாங்கிறாங்க."

டூட்டி மாற்றும் நேரம். ரெண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய பேர் என்பதால், அன்று சொல்லாமல் விட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டிப்ளமோ படித்து, வேலை பார்த்து, அப்புறம் போஸ்ட் பேசிக் (டிப்ளமோ நர்ஸ்கள் பட்டம் வாங்கப் படிக்கும் இரண்டு வருஷப் படிப்பு) முடித்தவள். டிப்ளமோ பக்கம் எனக்கு ஒரு சாய்வு இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது?

வீட்டில் பேசும்போது எல்லோரும் படிப்பின் பெயரைத்தான் எடை போடுவார்கள்: டிகிரியா, டிப்ளமோவா? அதைவிட முக்கியமான கணக்குகள் உண்டு.

முதல் கணக்கு, ப்ளஸ் டூவில் எடுத்த குரூப். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும் (அல்லது உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும்). ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுப்பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. மூன்றாண்டு டிப்ளமோவுக்கு எந்த குரூப் படித்தவரும் வரலாம் என்கிறது கவுன்சில். ஆனால் அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் தனி நிபந்தனைகள் போடுவார்கள். அதை வரி வரியாகப் படியுங்கள்.

இரண்டாவது, பதிவு எண் கைக்கு வர எத்தனை வருஷம் என்பது. தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பெயர் பதிவான நாளிலிருந்துதான் நீங்கள் நர்ஸ். படிப்பு நான்கு வருஷம், மூன்று வருஷம் என்று எண்ணுவதைவிட, ப்ளஸ் டூ முடித்த நாளிலிருந்து அந்தப் பதிவு வரைக்கும் எண்ணுங்கள்.

மூன்றாவது, பணம். கட்டும் ஃபீஸ் மட்டுமல்ல, வழி மாறுவதால் கைவிட்டுப் போகும் உதவித்தொகையும் இதில் சேரும். நான்காவது, பத்து வருஷம் கழித்து எங்கே நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்பது. வார்டா, வகுப்பறையா, வெளிநாடா?

ஐந்தாவதாக, எந்த மருத்துவமனையில் கை பழகப்போகிறீர்கள். என் கணக்கில் மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிடுவது இதுதான். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

முதலாண்டு மாணவி ஒருவரை வைத்துப் போட்ட கணக்கு இது:

| வழி | ப்ளஸ் டூவிலிருந்து பதிவு வரை | பி.எஸ்சி. நர்சிங் தகுதி | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| இப்போதே விட்டு பி.எஸ்சி. நர்சிங் | 1 + 4 = 5 வருஷம் | அப்போதே | இழந்த ஓராண்டு ஃபீஸ், விடுதி, போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) பயணம் |
| இப்போதே விட்டு டிப்ளமோ, பிறகு போஸ்ட் பேசிக் | 1 + 3 = 4 வருஷம் | இன்னும் 2 வருஷம் படித்தபின் | போஸ்ட் பேசிக் படிக்கும் 2 வருஷச் சம்பளம் |
| டிகிரியை முடித்துவிட்டு நர்சிங் | 3 + 4 = 7 வருஷம் (டிப்ளமோ என்றால் 6) | 7-ஆம் வருஷம் | உதவித்தொகை இழப்பு, மாறக்கூடிய விதிகள் |

வழி ஒன்று: இப்போதே விட்டுவிட்டு பி.எஸ்சி. நர்சிங்

நான்கு வருஷம். 2021-க்குப் பின் வந்த புதிய பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தமிழ்நாட்டில் இதற்குத் தனி நுழைவுத்தேர்வு கிடையாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு, துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்து, ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங் நடத்துகிறது. அரசு நர்சிங் கல்லூரிகள் சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி போன்ற ஊர்களில் உள்ளன. வேலூர் சி.எம்.சி. போன்றவை தங்களுக்கென்று தனி விண்ணப்பம் வாங்கும். அங்கே டிகிரி நர்சிங் 1946-லேயே தொடங்கிவிட்டது. நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் அதுவும் ஒன்று.

இந்த வழியின் பலம், ஒரே மூச்சில் முடிந்துவிடுவது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். டிப்ளமோக்காரர் 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகுதான் எழுத முடியும். அந்த வேலையின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் ரூ.44,900-இல் தொடங்குகிறது. பாடம் நடத்தும் ஆசை உள்ளவர்களுக்கும் இதுவே நேர் வழி: பட்டம், ஓராண்டு அனுபவம், அப்புறம் இரண்டு வருஷ எம்.எஸ்சி.

இனி கசப்பான விஷயம். உங்கள் ப்ளஸ் டூ மதிப்பெண் போன வருஷம் என்னவோ, இந்த வருஷமும் அதேதான். சென்ற கவுன்சலிங்கில் அரசு இடம் கொஞ்சத்தில் தவறியது என்றால் மறுபடி முயல்வதில் அர்த்தம் இருக்கிறது, கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறி இறங்கும். வெகுதூரம் தள்ளித் தவறியிருந்தால், நீங்கள் யோசிக்க வேண்டியது தனியார் கல்லூரியின் பி.எஸ்சி.யைப் பற்றித்தான். அரசுக் கல்லூரி ஃபீஸை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுத்துவிட்டு, ஆகஸ்டில் தனியார் ஃபீஸ் ரசீதைப் பார்த்து விழிக்கக் கூடாது.

தனியாரில் ஃபீஸுக்கு மேல் விடுதி, மெஸ், யூனிஃபார்ம், போஸ்டிங் பஸ், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். "நாலு வருஷத்துக்கும் மொத்தமாக எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் வார்டு நாட்களில் நூறு சதவீதமும் முடித்திருக்க வேண்டும். காய்ச்சலில் போன ஒரு நாளைக்கூட விடுமுறையில் வந்து ஈடுகட்ட வைப்பார்கள்.

விலங்கியலில் படித்த ஒரு வருஷத்தை எதிலும் கழிக்கமாட்டார்கள். நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வதற்கும் வழியில்லை. ஆனால் முதல் செமஸ்டரில் உடற்கூறும் உடலியங்கியலும் வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் திணறுகையில் உங்களுக்கு அது பழகிய முகமாக இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு, ஆங்கிலத்தில் பாடம் கேட்டுப் பழகிய அந்த ஒரு வருஷம் வீணில்லை.

யாருக்கு இது: சரியான குரூப், கவுன்சலிங்கில் நியாயமான இடம் கிடைக்கும் மதிப்பெண், ஐந்து வருஷம் சம்பளம் எதிர்பார்க்காத வீடு.

வழி இரண்டு: டிப்ளமோ, அப்புறம் போஸ்ட் பேசிக்

டிஜிஎன்எம் என்று நாங்கள் சொல்லும் பொது நர்சிங் டிப்ளமோ. நான் படித்தபோது மூன்றரை வருஷம், இப்போது மூன்று. "டிப்ளமோ படிச்சவ பெட்பேன் எடுப்பா, டிகிரி படிச்சவ ஊசி போடுவா" என்று என் சித்தி நம்பிக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒரு பிரிவினை எந்த வார்டிலும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பதிவேட்டில்தான் இருக்கிறோம், ஒரே டூட்டி ரோஸ்டரில்தான் பெயர் வருகிறது. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் (2012-இல் தொடங்கியது, எம்.ஆர்.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும்) டிப்ளமோ, டிகிரி இரண்டு பேரையும் ஒரே நர்ஸ் பணிக்குத்தான் எடுக்கிறது. 2015-இல் 7,243 இடங்களுக்குத் தேர்வு வைத்தபோது என்னோடு டிப்ளமோ படித்தவர்கள் கும்பலாகப் போய் எழுதினார்கள். ஒன்று மட்டும்: அரசு வேலை என்றாலே முதல் நாளிலிருந்து முழுச் சம்பளம் என்று நினைக்காதீர்கள். தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலமுறை ஊதியத்துக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த நர்ஸ்களின் போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது டிகிரிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தால் ஃபீஸ் சொற்பம், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பள்ளி இருப்பது பெரிய அரசு மருத்துவமனை வளாகத்துக்குள். இதற்கு டிகிரி நர்சிங் விண்ணப்பத்தோடு சேராத தனி விண்ணப்பம், இரண்டையும் போட்டு வையுங்கள். பையன்களுக்கு ஒரு வார்த்தை: அரசு டிப்ளமோ பள்ளிகள் காலங்காலமாகப் பெண்களுக்கானவை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணியிலும் 80 சதவீதம் பெண்களுக்கு என்று 2019-இல் முடிவெடுத்தார்கள். ஆண்கள் நர்சிங்குக்கு வரக்கூடாது என்று சொல்லவில்லை, ஐ.சி.யூ.விலும் அறுவை அரங்கிலும் அருமையாக வேலை பார்க்கும் தம்பிகள் எங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் அரசு வேலையை மட்டும் நம்பி வருவதாக இருந்தால் இந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இனி போஸ்ட் பேசிக். டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தவர் இரண்டு வருஷம் படித்தால் பி.எஸ்சி. நர்சிங் பட்டம். "சரி, மூணும் ரெண்டும் அஞ்சுதானே, நாலு வருஷ டிகிரியைவிட ஒரு வருஷம்தானே அதிகம்" என்று கணக்குப் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சம்பளம் நின்றுவிடுகிறது என்று. அதற்குள் தங்கையின் கல்யாணச் செலவுக்கு என் சம்பளத்தை எல்லோரும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். டிப்ளமோ முடித்து மூன்றாம் வருஷம் போவேன் என்று நினைத்தது ஆறாம் வருஷம்தான் நடந்தது. என் பேட்ச்சில் பலர் போகவே இல்லை. "பிறகு படித்துக்கொள்ளலாம்" என்று டிப்ளமோவில் சேர்பவர்கள், அந்தப் "பிறகு" வராமலே போகலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வேலையில் இருந்துகொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் போஸ்ட் பேசிக் இருந்து வந்திருக்கிறது. அதற்கு இரண்டு வருஷ அனுபவமும் நுழைவுத்தேர்வும் கேட்பார்கள்.

ஒரு லாபமும் உண்டு. எம்.எஸ்சி. சேரக் கேட்கும் ஓராண்டு அனுபவத்தை, போஸ்ட் பேசிக்குக்கு முன் பார்த்த வேலையிலேயே காட்டிவிடலாம். அதைவிட, வார்டில் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால் புத்தகத்தில் வரும் ஒவ்வொரு நோய்க்கும் உங்களுக்கு ஒரு படுக்கை எண் ஞாபகம் வரும்.

டிப்ளமோவை மூடப்போகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். காற்றில் வந்த வதந்தி இல்லை அது. சில வருஷங்களுக்கு முன் கவுன்சிலே படிப்படியாக நிறுத்தும் முடிவை அறிவித்து, பிறகு தள்ளிவைத்தது. ஏற்கெனவே பதிவு செய்தவரின் பதிவு அதனால் போகாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

வெளிநாட்டுக் கனவு இருந்தால், நாட்டைப் பொறுத்து விஷயம் மாறும். பிரிட்டனுக்கு டிப்ளமோ தடையில்லை. அங்கே தடுப்பது ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. அதைத் தாண்டினால் கணினித் தேர்வு, அப்புறம் அங்கே போய்ச் செயல்முறைத் தேர்வு. சவூதியில் டிப்ளமோவுக்கும் டிகிரிக்கும் தரவரிசையே வேறு, சம்பளமும் அதற்கேற்ப. ஜெர்மனிக்கு மொழிதான் முதல் சுவர். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களுக்கு ஜெர்மன் வகுப்பு நடத்துகிறது, ஏஜென்டிடம் போகும் முன் அங்கே ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

யாருக்கு இது: நான்காம் வருஷமாவது வீட்டுக்குச் சம்பளம் போக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும், அரசுப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தவர்களுக்கும். தனியார் டிப்ளமோவுக்கும் தனியார் டிகிரிக்கும் மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால், டிகிரிக்குப் போய்விடுங்கள். என் சாய்வையும் மீறி இதைச் சொல்கிறேன்.

வழி மூன்று: டிகிரியை முடித்துவிட்டு வருவது

"கையில் ஒரு டிகிரி இருக்கட்டும்" என்பது அப்பாக்களுக்குப் பிடித்த வழி. அமெரிக்காவில் வேறு பட்டம் வாங்கியவர்களுக்கென்றே சுருக்கமான நர்சிங் டிகிரி இருக்கிறது, அதை யூடியூபில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் அது இல்லை. விலங்கியலில் தங்கப் பதக்கமே வாங்கினாலும் நர்சிங்கில் முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பழைய ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான்.

பண விஷயத்தில் இந்த வழி சத்தமில்லாமல் கடிக்கும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிப்படி, ஒரு கட்டப் படிப்பை முடித்தவர் அதே கட்டத்தில் வேறு பாடம் படித்தால் உதவித்தொகை கிடையாது. அதாவது பி.எஸ்சி. முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் என்றால் கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். வீட்டில் பட்டதாரியே இல்லை என்று சொல்லி வாங்கும் சான்று அது. நடுவில் நீங்களே ஒரு பட்டம் வாங்கிவிட்டால்?

மூன்று வருஷத்தில் விதிகளும் மாறலாம். 1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் நிறைவேறியது. இளநிலைப் படிப்புக்குப் பொது நுழைவுத்தேர்வு வைக்க அதில் இடமிருக்கிறது.

இவ்வளவு சொன்னாலும், மூன்றாம் ஆண்டில் இருப்பவரிடம் விட்டுவிட்டு வா என்று சொல்லமாட்டேன். இன்னும் சில மாதம், முடித்துவிடுங்கள். வயது ஒரு பிரச்சினையே இல்லை, கவுன்சில் விதியில் மேல் வரம்பு 35. நர்சிங் ஆசை உண்மையா, வார்டில் பார்த்த ஒரு நல்ல சிஸ்டரின் மேல் வந்த பிரியமா என்று தெரியாதவர்களுக்கும் காத்திருப்பது நல்லது. இரவு டூட்டி, வாந்தி, சாவு, சொந்தக்காரர்களின் கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை. செமஸ்டர் லீவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினைந்து நாள் போய் உதவி செய்துவிட்டு வாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

ஓரமாக இன்னொரு வழி: ராணுவ நர்சிங்

திருமணமாகாத பெண்களுக்கு, வயது 17-இலிருந்து 25-க்குள். நீட் எழுதியிருக்க வேண்டும், ப்ளஸ் டூவில் முதல் முயற்சியிலேயே 50 சதவீதம் வேண்டும். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு என ஆறு இடங்களில் படிப்பு, இடங்கள் மொத்தம் 220 அளவில்தான். படிப்புச் செலவை ராணுவமே ஏற்கும், முடித்தபின் அதிகாரியாகப் பணி, அதற்கு ஒப்பந்தமும் எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே நீட்டுக்குப் படித்தவள் என்றால் இதை விட்டுவிடாதே. நீட்டைத் தொட்டதே இல்லை என்றால் இதற்காக இன்னொரு வருஷம் இழக்காதே.

கட்டடத்தை விடுங்கள், மருத்துவமனையைப் பாருங்கள்

கவுன்சில் விதிப்படி நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக நூறு படுக்கை உள்ள மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதமும் உண்டு. கல்லூரியின் ஏ.சி. ஆடிட்டோரியத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனை வார்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். கட்டில்களில் ஆட்கள் இருக்கிறார்களா? இறுதியாண்டு மாணவி ஒருத்தியைக் கேன்டீனில் பிடித்து, "அக்கா, எத்தனை பிரசவம் பார்த்தீங்க? போஸ்டிங்குக்கு எங்கே கூட்டிட்டுப் போறாங்க?" என்று கேளுங்கள். அவள் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நோயாளியே இல்லாத மருத்துவமனையில் வாங்கிய டிகிரியைவிட, தாலுகா மருத்துவமனைகளிலிருந்தெல்லாம் கேஸ் வந்து குவியும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் படித்த டிப்ளமோ மேல். புதிதாகச் சேர்ந்த பெண் ஊசி ஏற்ற நரம்பு தேடும்போதே அவள் எங்கே படித்தவள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

"அட்டெண்டன்ஸ் வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று பக்கத்து மாநிலத்துக்குக் கூட்டிப்போகும் ஏஜென்டுகள் உண்டு. மூன்று பட்டியலிலும் கல்லூரிப் பெயர் இருக்கிறதா பாருங்கள்: பல்கலைக்கழகம், மாநிலக் கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில். ஒன்றில் இல்லை என்றாலும் வேண்டாம்.

வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழைக் கேட்கும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டு வருஷம் என்னுடையதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் வந்த ஒரு அரசுத் தேர்வுச் சரிபார்ப்புக்கு என்னால் போக முடியவில்லை. போஸ்ட் பேசிக் தள்ளிப்போனதில் அதற்கும் பங்கு உண்டு.

அந்தப் பெண்ணுக்கு

மா, உன் மார்க் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. போன வருஷக் கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் இருந்தால் பி.எஸ்சி. நர்சிங், டிப்ளமோ இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. அரசு இடம் எதில் வந்தாலும் போய்ச் சேர். இரண்டிலும் வராமல், தனியார் டிகிரிக்கு வீட்டில் நிலத்தை அடமானம் வைக்க வேண்டும் என்றால், ஒரு தடவைக்கு மூன்று தடவை யோசி.

ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும்வரை இப்போதைய கல்லூரியை விடாதே. வகுப்புக்குப் போய்க்கொண்டே இரு, செமஸ்டரையும் எழுது. ஆணை வந்த பிறகு டி.சி. கேள். "மீதி ரெண்டு வருஷ ஃபீஸும் கட்டு, அப்புறம் சர்டிஃபிகேட் தர்றோம்" என்று சொன்னால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்ற 2018 அக்டோபர் யு.ஜி.சி. அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. சேரக் கொடுக்கும் நாட்கள் ரொம்பக் குறைவு. அதனால் ப்ளஸ் டூ மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் இந்த வாரமே ஐந்து செட் நகல் எடுத்து வை.

பாட்டிக்குத் தையல் பிரிக்க எப்படியும் வருவாய் அல்லவா? அப்போது மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு வா.